கிரகணத்தின் மேல் பழி

மருங்காபுரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிள்ளை மேலுதடு பிளந்து பிறந்திருக்கிறது. ஐந்தாம் மாதத்தில், கிரகணத்தன்று அரிவாள்மனையில் காய் நறுக்கியதால்தான் இப்படி என்று மாமியார் வீட்டில் பேச்சாம். "நான் செய்த தப்பா?" என்று கேட்கிறார்.

இல்லையம்மா. கருவில் மேலுதடு ஒன்றுசேர்வது ஏழாவது வாரத்துக்குள் முடிந்துவிடும். ஐந்தாம் மாதக் கிரகணத்துக்கு அங்கே வேலையே இல்லை. பின் எதனால்? பெரும்பாலும் மருத்துவராலும் ஒற்றைக் காரணத்தைச் சுட்ட முடியாது. மரபணுவும் கரு வளர்ந்த சூழலும் கலந்து வருவது இது. புகை, கட்டுக்குள் வராத சர்க்கரை, சில வலிப்பு மாத்திரைகள் ஆபத்தைக் கூட்டும். அதற்காக வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சொந்தத்தில் கட்டியதாலா என்றும் கேட்டிருக்கிறார். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவுக்குள் மணம் முடித்தவர்கள். ஒரே தாத்தா வழியில் வந்த மறைந்த குறை இரண்டு பக்கமும் இருந்தால், சில நோய்கள் பிள்ளையிடம் வெளிப்படும். ஆனாலும் முறைமாமனைக் கட்டிய பெரும்பாலோருக்குப் பிள்ளைகள் நல்லபடியாகவே பிறக்கின்றன.

எனக்கு ஆதங்கம் வேறொன்றில். மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போய், நர்சம்மாவிடம் பதிந்து, அதற்கு உதவும் ஃபோலிக் அமில மாத்திரை கைக்கு வருவதற்குள் அந்தக் கெடு கடந்துவிடுகிறது. அந்தக் குழல் மூடாத குறையோடு ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள், அடுத்த கருவுக்கு முன்பிருந்தே இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் ஆபத்து ஏறத்தாழ முக்கால் பங்கு குறையும் என்று 1991-லேயே பிரிட்டிஷ் ஆய்வு காட்டிவிட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு அளவு அதிகம், மருத்துவர் சொல்வார். மற்றவர்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே. முகூர்த்தப் புடவை எடுக்கும்போதே வாங்கி வைக்கலாம், விலையும் சொற்பம்.

வாசகிக்கு: உதட்டைத் தைக்கும் அறுவை பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கும். அரசின் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் செலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அதுவரை, பிள்ளை மார்பில் சப்பத் திணறினால் தாய்ப்பாலைப் பீய்ச்சி, தலையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்