பெர்மிட்டுக்குத் தேதி உண்டு, பாட்டாளிக்கு?

தங்கச் சுரங்கக் கம்பெனிகள் பங்குதாரர்களுக்கு அறிக்கை விடும்போது, பெர்மிட் எப்போது வரும், பூமிக்கடியில் எத்தனை அடி தோண்டுவோம் என்று கணக்காகச் சொல்கின்றன. தங்கம் தீர்ந்தபின் தொழிலாளி எங்கே போவான்? அதற்கு மட்டும் தேதி கிடையாது.

கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே காலூன்றியது. வட ஆற்காட்டிலிருந்து போன நம்மவர்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தார்கள். பாறை வெடித்து மாண்டவர்கள் உண்டு. கல்தூசியால் நெஞ்சு அரித்து இருமியே போனவர்களும் உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை இழுத்து மூடினார்கள். மிஞ்சியது சயனைடு மண்மேடுகள்தான். சுரங்கத்தையே நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

"நாம் பால்மரம் வெட்டுகிறவர்கள், நமக்கென்ன?" என்று இருந்துவிடாதீங்க. தோட்டத்தை விற்று வீடமைப்புக்குக் கொடுத்தபோது, வேலையோடு லயத்து வீடும் போகலையா? நம் பகாங் மாநிலத்திலும் தங்கம் எடுக்கிறார்கள்.

சுரங்கமோ தோட்டமோ, பெர்மிட் கொடுக்கும்போதே மூடும் நாளுக்கான இழப்பீடு, வீடு, வைத்தியம் மூன்றுக்கும் பணத்தைத் தனியாகக் கட்டி வைக்கச் சொல்லணும். மூடினபின் மனு எழுதி என்ன பயன்? கதவு திறக்கும் அன்றைக்கே கேட்போம், சங்கமாய் நின்று கேட்போம்!

— சங்க ஊழியன், பாயான் பாரு