பருவங்களின் எல்லையை வரைந்தவர் யார்?

மனித வளர்ச்சியின் பருவங்கள் என்னும் பாடம் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே நடத்தப்படுகிறது. இடப்பக்கம் வயது, வலப்பக்கம் பருவத்தின் பெயர். பியாஜேக்கு நான்கு நிலைகள்; எரிக்சனுக்கு எட்டு. மாணவர் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார். அந்த எல்லைக்கோடுகளை யார், யாருடைய வாழ்வைப் பார்த்து, எதன்பொருட்டு வரைந்தார்கள் என்ற வினா வகுப்பறைக்குள் அரிதாகவே நுழைகிறது. அவ்வினா இல்லாதவரை அந்தப் பாடம் வெறும் வாய்பாடுதான்.

விடை தேட ஜெனீவாவுக்கோ வியன்னாவுக்கோ போக வேண்டியதில்லை, கொல்கத்தா போதும். 1890-இல் அந்நகரின் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. பூல்மணி தாசி என்னும் சிறுமி, வயது பத்து அல்லது பதினொன்று, வளர்ந்த ஆணாகிய தன் கணவன் வன்புணர்ந்ததால் குருதி பெருகி இறந்துபோனாள். 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் மனைவியின் இசைவு வயதைப் பத்து என்று வைத்திருந்தது. பூல்மணி பத்தைக் கடந்தவள். ஆகவே வன்புணர்ச்சிக் குற்றம் சட்டப்படி எழவில்லை. கொடுங்காயம் விளைவித்ததற்காக அவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் மட்டுமே கிடைத்தது. குழந்தைப்பருவம் எங்கே முடிகிறது என்று சட்டம் கிழித்த கோட்டுக்கு அப்பால் ஓரிரு ஆண்டு தள்ளி நின்றாள் என்பதே அவள்மீது நிகழ்ந்த கொடுமையின் பெயரை மாற்றிவிட்டது.

1891-இல் அந்த வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு கொல்கத்தாவில் கொந்தளித்தது. ‘பங்கபாசி’ இதழ் கடுமையாக எழுதி அரசநிந்தனை வழக்கையும் எதிர்கொண்டது. பூப்பெய்தியவுடன் கர்ப்பாதானச் சடங்கு நிகழ வேண்டும், அதில் அந்நிய அரசு தலையிடலாகாது என்பதே எதிர்த்தவர்களின் வாதம். பூப்பு வருவதும் உடல் முதிர்வதும் ஒன்றல்ல என்று இந்தியாவில் பணியாற்றிய பெண் மருத்துவர்கள் பலர் வைசிராய்க்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தனர். அவர்கள் அடுக்கிய காயங்களும் மரணங்களும், இன்றைய பாடநூல் மொழியில் சொன்னால், வளர்ச்சி உளவியலின் தரவுகள். ஆனால் வளர்ச்சிப் பாடத்தில் அவற்றுக்கு இடமில்லை.

அதன்பின் மனைவியின் இசைவு வயது நகர்ந்த வரிசையைப் பார்க்கலாம்: 1925-இல் 13, 1949-இல் 15, உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 2017-இல் 18. பத்திலிருந்து பதினெட்டு வரை நகர 157 ஆண்டுகள் ஆயின. இதற்குள் சிறுமியின் இடுப்பெலும்பு தன் வளர்ச்சிக் காலத்தை எட்டாண்டு தள்ளிவைத்துக் கொள்ளவில்லை. மாறியது கோடு, மாற்றியது போராட்டம்.

மொழியும் இக்கோட்டை வரைகிறது. பெண் ‘ஆளானாள்’, ‘சமைந்தாள்’, ‘பெரியவளானாள்’ என்கிறது தமிழ். ஒரே நாளின் உடல் நிகழ்வு ஒரு குழந்தையைப் ‘பெரியவள்’ ஆக்கிவிடுகிறது. ஆணுக்கு இணையான வினை வேர்கொள்ளவில்லை. ‘மீசை முளைத்துவிட்டது’ என்பது வருணனை. அவன் தகுதியை மாற்றும் அறிவிப்பாக அதை யாரும் கொள்வதில்லை. கர்ப்பாதானத்தை முன்வைத்தவர்களின் வாதம் வேறு சொற்களில் இந்த வினைச்சொல்லுக்குள் இன்றும் உறங்குகிறது.

மேலைக் கோட்பாடுகளுக்கு மாற்றாகப் பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழு பருவங்களை முன்னிறுத்தும் பெருமிதக்காரர்கள் இங்கேதான் தடுமாற வேண்டும். உலா இலக்கியத்தில் அந்த ஏழும் பவனி வரும் தலைவனைக் காணும் மகளிரின் வகைப்பாடு. பேதையைக் காமம் அறியாதவளாகவே புலவர்கள் பாடினர் என்பது உண்மை. ஆயினும் அளவுகோல் அவனுடைய வீதியில்தான் இருக்கிறது. பரவலாக வழங்கும் கணக்கில் பேரிளம்பெண் நாற்பதோடு முடிந்துவிடுகிறாள். நாற்பத்தொன்றாம் வயதில் பெண் என்னவானாள்? வாழ்க்கை முழுவதையும் அளக்கும் அட்டவணை அதுவாக இருக்க முடியாது. அதே மரபில் செங்கீரையும் சப்பாணியும் வருகையும் குழந்தை அசைவதை, கைகொட்டுவதை, நடந்து வருவதைக் கூர்ந்து கண்டிருக்கின்றன. அந்தக் கண் பிள்ளைத்தமிழில் இருந்தது, உலாவில் இல்லை.

வெளியிலிருந்து வந்ததை அப்படியே ஒப்புக்கொள்ளாத அறிவும் கொல்கத்தாவில் இருந்தது. 1922-இல் அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஈடிபஸ் விழைவு குறித்துத் தம் நோயாளிகளிடம் கண்டது வேறு என்று ஃபிராய்டுக்கே எழுதினார். ஸ்டான்லி ஹால் வளரிளம் பருவத்தைப் பற்றி 1904-இல் இரு பெரும் தொகுதிகள் வெளியிடுவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே, கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு யாருக்கும் வேண்டாதவனாகிப்போன ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவனைத் தாகூர் ‘சுட்டி’ (விடுமுறை) என்னும் சிறுகதையில் எழுதிவிட்டார். இவற்றின் மதிப்பு இந்தியத்தன்மையில் இல்லை. எதிரே இருந்த மனிதரை உற்றுப் பார்த்ததில் இருக்கிறது.

உடல் வளர்ச்சி உயிரியல் சார்ந்தது, எங்கும் ஒன்றே என்று மறுப்பு எழலாம். பெருமளவு உண்மைதான். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வளர்ச்சித் தரங்களை வெளியிட்டது. நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்தால் ஐந்து வயதுவரை குழந்தைகள் எங்கும் ஏறத்தாழ ஒரேபோல் வளர்கிறார்கள் என்பதே அதன் அடிப்படை. ஆனால் எலும்பு எப்போது நீள்கிறது என்பது ஒரு வினா. ஒருத்தி எப்போதிலிருந்து குழந்தை இல்லை என்பது வேறு வினா. முதலாவதன் விடையை இரண்டாவதற்கும் சூட்டிவிடுவதே அட்டவணையின் பிழை.

இந்தப் பிழைக்கு விலை உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) கணக்கில், மேற்கு வங்கத்தில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 41.6 விழுக்காட்டினர் பதினெட்டு நிறையுமுன் மணம் முடிக்கப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் இது 12.8 விழுக்காடு. ‘12 முதல் 18 வரை: அடையாளத் தேடல்’ என்று விடைத்தாளில் எழுதும் மாணவி, அந்த வயதில் தன் பக்கத்து வீட்டுப் பெண் தேடியது அடையாளத்தையா, தப்பிக்கும் வழியையா என்று கேட்கும் உரிமையைப் பாடத்திட்டம் அவளுக்குத் தந்தாக வேண்டும்.

எரிக்சனை நீக்க வேண்டியதில்லை. அவருடைய எட்டு நிலைகளுக்கு அருகே பூல்மணி தாசியின் வழக்கை வைத்தால் போதும். ஒவ்வொரு பருவத்தின் பெயருக்கும் எதிரே மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும்: இந்த எல்லையால் காக்கப்பட்டவர் யார், கைவிடப்பட்டவர் யார்? அந்தக் கட்டத்தை நிரப்பத் தெரியாதவர் வளர்ச்சியைப் படித்தவர் ஆகார்.