'நான்' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை

போன வாரம் எங்கள் வகுப்பில் ப்ராஜெக்ட் தலைப்பு சொல்லும் நாள். ஒரு குழு "சமூக ஊடகங்களில் நான்-பைனரி மக்கள் தங்கள் பாலினத்தை எப்படி வெளிப்படுத்துகிறார்கள்" என்ற தலைப்போடு வந்தது. (ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் அடங்காதவர்களைத்தான் நான்-பைனரி என்கிறோம்.) நல்ல தலைப்பாச்சே என்று கைதட்டினேன். அடுத்த ஸ்லைடில் கை நின்றுவிட்டது.

திட்டம் இதுதான். ஹேஷ்டேக் போட்டுத் தேடி 300 கணக்குகளை எடுப்பது. பயோவில் 'தே/தெம்' என்று எழுதியிருக்கிறார்களா என எண்ணுவது. மாதிரிக்கு நாலு ஸ்க்ரீன்ஷாட் ஒட்டுவது. யாரிடமும் எதுவும் கேட்கப் போவதில்லை. "எல்லாம் பப்ளிக் அக்கவுன்ட்தானே மச்சி!"

அந்த நாலில் ஒன்று எனக்குத் தெரிந்தவருடையது. முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் பின்னால் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை. அந்தச் சட்டையையும், நிற்கிற தோரணையையும் பார்த்த உடனே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. அவர் வீட்டில் பார்த்தாலும் தெரிந்துவிடும். அப்படி ஒரு கணக்கு இருப்பதுதான் வீட்டுக்குத் தெரியாது.

அதனால்தான் இந்தப் பதிவு. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: கேட்காமல் எண்ணுவது அநியாயம் மட்டும் இல்லை, அது மோசமான ஆய்வும் கூட.

முதலில் ஆய்வைப் பார்ப்போம். ஃபேஸ்புக் 50-க்கும் மேற்பட்ட பாலினத் தெரிவுகளைக் கொண்டுவந்தது 2014 பிப்ரவரியில், அமெரிக்க ஆங்கிலத்தில். இன்ஸ்டாகிராம் 2021 மே மாதம் பிரதிப்பெயர்ப் பெட்டியைக் கொண்டுவந்தபோது அது முதலில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளுக்குத்தான். ஆங்கிலத்துக்கு அந்தப் பெட்டி தேவை, ஏனென்றால் அங்கே 'ஹி', 'ஷி' இரண்டில் ஒன்று வந்து இடிக்கும். தமிழில் எங்கே இடிக்கும்?

யோசித்துப் பாருங்கள். 'நான் வந்தேன்' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 'நீ வந்தாய்' என்பதிலும் இல்லை. 'வந்தான், வந்தாள்' என்று மற்றவர் பேசும்போதுதான் பால் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டில் உருது பேசுகிற நண்பர்களைக் கேளுங்கள். எழுத்து உருதுவில் 'நான் போகிறேன்' என்பதற்கே ஆணுக்கு 'ஜாதா ஹூ', பெண்ணுக்கு 'ஜாதி ஹூ'. வாயைத் திறந்ததுமே மாட்டிக்கொள்வோம். தமிழில் ஒருவர் பத்து வருஷம் தன்னைப் பற்றியே எழுதினாலும் எந்தப் பால் என்று சொல்லாமலே எழுதிவிடலாம். நான்-பைனரி என்று தமிழில் எழுதினால் முதல் சொல்லே 'நான்'தான் என்பது தற்செயல், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல் :-)

அப்படியானால் தமிழில் பால் தெரிகிற இடம் பயோ இல்லை, பின்னூட்டம். 'செம டா', 'சூப்பர் டி', 'அண்ணா', 'அக்கா', 'ப்ரோ' என்று அடுத்தவர்கள் கூப்பிடுகிற இடம். அதில் எதற்கு இதயம் போடுகிறார், எதைக் கண்டும் காணாமல் விடுகிறார், எந்த நண்பர் மட்டும் ஒவ்வொரு முறையும் பெயரையே சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 'அவர்', 'அவங்க' இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் கூடப் படித்தவரை 'அவங்க' என்றால் ஏதோ சண்டை போலத் தோன்றும். இந்தச் சங்கடம் எதுவும் எக்ஸெலில் ஏறாது. பயோவை மட்டும் எண்ணினால் எங்கள் பக்கம் பூஜ்யம்தான் வரும். "இதெல்லாம் சென்னை, பெங்களூர் இங்கிலீஷ் பசங்க விஷயம்" என்று முடிவுரையும் எழுதிவிடுவார்கள்.

அடுத்தவர் பாலை நாமே முடிவு செய்வது நமக்குப் புதுசு இல்லை. நன்னூல் பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவரை ஆண்பால் என்கிறது. ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவரைப் பெண்பால் என்கிறது. விருப்பத்தை வைத்துப் பால் சொல்லும் அந்த இடம் அருமை. ஆனால் அதே நூற்பா, இவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று முடிகிறது. இரண்டில் ஒன்றுக்குள் வா, இல்லாவிட்டால் திணையை விட்டே இறங்கு! 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் முதல் முறையாக 'மற்றவர்' என்ற தெரிவு வந்தது. நாடு முழுக்க 4,87,803 பேர். ஆனால் வீட்டில் ஒருவர் எல்லோருக்குமாகப் பதில் சொல்கிற கணக்கு அது. தன் பிள்ளையை 'மற்றவர்' என்று எழுதச் சொல்லும் அப்பாக்கள் எத்தனை பேர்?

இதற்கு எதிராகத்தான் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நல்சா தீர்ப்பில், தன் பாலினம் எது என்பதை அவரவரே சொல்லலாம் என்றது. சொல்லும் உரிமை என்றால் யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதும் அதில் அடக்கம்தானே?

இனி 'பப்ளிக்தானே' வாதம். ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையும் பப்ளிக்தான். அங்கே இரண்டு பேர் பேசுவதைப் பதிவு செய்து திருவிழா மைக்கில் போட்டால் சும்மா விடுவார்களா? இணைய ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 2002-லேயே வெளியிட்ட அறநெறி ஆவணம், எழுதியவர் எந்த எதிர்பார்ப்போடு அந்த இடத்தில் எழுதினார் என்று யோசிக்கச் சொல்கிறது. முகத்தை மறைத்தால் போதாது. ஒரு வரியை அப்படியே அறிக்கையில் போட்டால், அதைத் தேடுபொறியில் ஒட்டிக் கணக்கைப் பிடித்துவிடலாம். பெருநகரத்தில் மாட்டிக்கொண்டவர் வேறு அறை பார்ப்பார். எங்கள் ஊரில் காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மறுநாளும் அதே பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும்.

"கேட்டால் பாதிப் பேர் பதிலே சொல்ல மாட்டாங்க" என்கிறார்கள். சரி, 300 எதற்கு? பத்துப் பேர் போதும். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அவர்கள் வரியை உங்கள் சொல்லில் எழுதுங்கள். ஸ்லைடை அவர்களிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். அந்தப் பத்துப் பேர் சொல்வது 300 பயோவில் இல்லாததாக இருக்கும்.

அந்தக் குழு ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்துவிட்டது. திட்டத்தை இன்னும் மாற்றவில்லை. மாற்றும் வரை வகுப்பிலும் இதையே பேசிக்கொண்டிருப்பேன்.

டிஸ்கி: இதைப் போடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் காட்டினேன். இரண்டு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். படத்தில் பின்னால் இருந்தது ஆட்டுச் சந்தை இல்லை, வேறு இடம். எது என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள்.