எல்லாம் மீறல்தானா?

சமீபத்தில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் படித்தேன். அதில் கணவன் சத்தியத்தை மீறுகிறான். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை மீறுகிறார். பிள்ளை தகப்பன் பேச்சை மீறுகிறான். பதிப்பாளர் ஆசிரியனின் உரிமையை மீறுகிறார். மூலத்தில் நான்கும் நான்கு வினைகள். மொழிபெயர்த்தவரையே கேட்டுவிட்டேன். "எல்லாம் ஒன்றுதானே ஸார்! அகராதி அப்படித்தான் சொல்கிறது" என்றார்.

ஒன்றே அல்ல. 'ப்ரேக்' பொதுச் சொல். வீட்டுச் செம்பு மாதிரி எதற்கும் உதவும். 'ப்ரீச்' பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கும் கடமைக்கும் உரியது. 'இன்ஃப்ரிஞ்ச்' என்றால் பிறருக்கு உரியதில் கை வைப்பது. காப்பிரைட் வழக்குகளில் அடிபடுவது அதுதான். 'வயலேட்' என்றால் புனிதமான ஒன்று களங்கப்பட்டது என்ற தொனி வந்துவிடுகிறது. 'ஃப்ளவுட்' இருக்கிறதே, அது முற்றிலும் வேறு ஜாதி. தகப்பன் பார்க்கட்டும் என்றே, அவர் கண்ணெதிரே, ஏளனமாகச் செய்வது அது. கொல்லைப்புறமாகப் போய்ச் சிகரெட் பிடிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் பொருந்தாது. இதையும், பகட்டிக் காட்டுவதைக் குறிக்கும் 'ஃப்ளாண்ட்'டையும் குழப்பிக்கொள்கிற வெள்ளைக்காரர்களும் உண்டு. அதற்காக நாமும் குழம்ப வேண்டுமா?

தமிழில் வார்த்தைக்கா பஞ்சம்? வாக்குத் தவறுகிறோம், சொல்லைத் தட்டுகிறோம், உடன்படிக்கையை முறிக்கிறோம், வரம்பு கடக்கிறோம், நெறி பிறழ்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

1930-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 2-ஆம் தேதியே வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதி, செய்யப்போவதைச் சொல்லிவிட்டு, ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டியில் காந்தி உப்பெடுத்தார். அந்த மாதக் கடைசியில் வேதாரண்யத்தில் ராஜாஜி எடுத்தார். சட்டம் உடைந்ததென்னவோ உண்மை. ஆனால் அதை 'ஃப்ளவுட்' என்று சொல்ல முடியுமா? ஏளனம் இல்லை, தண்டனைக்குத் தப்பும் உத்தேசமும் இல்லை. அந்த இயக்கத்துக்குத் தமிழில் பெயர் வைத்தவர்கள் 'சட்ட மறுப்பு' என்றார்கள். மறுக்கிறவன் நின்று முகம் பார்த்துப் பேசுகிறான். மீறுகிறவன் ஓடியும் போகலாம். யாரோ ஒரு புண்ணியவான் அதை யோசித்திருக்கிறார்!

நம் நாவலுக்கு வருவோம். மூலத்தில் அந்தக் கணவன் செய்தது 'வயலேட்'. அதற்காக அந்த மனைவி நாற்பது பக்கம் அழுகிறாள். தமிழில் அவனைப் பார்த்தால், விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டிப் பிடிபட்டவன் மாதிரி இருக்கிறான். எட்டணா அபராதத்துக்கு இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கே அலுப்பாகிவிட்டது.