வேஷம் குரலுக்கா? வாடகைக் காசுக்கா?

 

ஆண்டு விழா வரப் போகிறது. இந்த வருஷமும் பாட்டு நாடகம் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் ஒத்திகை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு விஷயத்தை நாம் பேசியே ஆக வேண்டும். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை என்றால் முதல் குறை என்மேல்தான்.

போன வருஷம் 'சத்தியவான் சாவித்திரி' போட்டோம். எல்லோரும் பார்த்தீர்கள். சாவித்திரி வேஷத்துக்கு முதலில் தேர்வானது நான் இல்லை. என் பக்கத்து பெஞ்ச் தோழி. அவள் பாட ஆரம்பித்தால் வராண்டாவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பத்து நாள் ஒத்திகைக்கு வந்தாள். பதினோராம் நாள், "வேஷ வாடகை ஆளுக்கு 350 ரூபாய், திங்கட்கிழமை கொண்டு வரணும்" என்று சொன்னார்கள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கே வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்து, "தொண்டை கட்டிக்கிச்சு, நான் நடிக்கலப்பா" என்றாள்.

தொண்டை ஒன்றும் கட்டவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடும்போது அதே பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீடு கடற்கரைக் குப்பத்தில். அந்த மாசம் புயல், மழை என்று அவள் அப்பா கடலுக்குப் போகவே இல்லை. கேட்டால் ஆசிரியர்களே கொடுத்திருப்பார்கள். ஆனால் கேட்க மனசு வர வேண்டாமா?

வேஷம் எனக்கு வந்தது. என் அப்பா 350 ரூபாய் கொடுத்தார், அவ்வளவுதான். என் குரல் சுமார். மிருதங்கம், ஆர்மோனியம் வைக்கப் பணம் இல்லாததால் பாட்டெல்லாம் பென் டிரைவில் ஓடியது, நான் வாயசைத்தேன். எமனோடு வாதாடும் இடத்தில் பாட்டு பாதியில் நின்றுபோனது ஞாபகம் இருக்கிறதா? நான் திருதிருவென்று விழித்தேன். எனக்கு அந்தப் பாட்டில் இரண்டு வரிதான் தெரியும். முழுப் பாட்டும் தெரிந்தவள் கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம்தான் யோசித்தேன். இந்த நாடகங்களுக்கு அந்தக் காலத்தில் யார் செலவு செய்தார்கள்? நூலகத்தில் தேடினேன், தமிழ் ஆசிரியரிடம் கேட்டேன்.

'சத்தியவான் சாவித்திரி', 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' எல்லாம் எழுதியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். கடைசியில் நம் புதுச்சேரிக்கு வந்து 1922 நவம்பர் 13ஆம் தேதி இங்கேயே காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறைக்கு அவர் பெயர்தான். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவர் 1918இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்று சிறுவர்களுக்கான நாடகக் கம்பெனி தொடங்கினார். பின்னால் அவ்வை சண்முகம் என்று பெயர் பெற்ற டி.கே.சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது 6. அந்தக் கம்பெனிகளில் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். சாப்பாடு, பாட்டுப் பயிற்சி, வேஷ உடுப்பு எல்லாம் கம்பெனி பொறுப்பு. டிக்கெட் வசூலில் கம்பெனி ஓடியது. அங்கே எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு போச்சு. அடி உதையும் உண்டு. அது நமக்கு வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாட வருகிறதா என்று பார்த்துத்தான் வேஷம் கொடுத்தார்கள். உடுப்புக்குக் காசு கொண்டு வா என்று பையனிடம் கேட்கவில்லை.

தெருக்கூத்தும் அப்படித்தான். என் ஆயாவிடம் கேட்டேன். "திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா தலைக்கட்டு வரி போடுவாங்க. அதுலதான் கூத்து வைப்பாங்க. ஊரே சேந்து குடுத்தா ஒருத்தருக்கும் பாரம் தெரியாதுடி" என்றது. அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறவர் தன் கிரீடத்துக்குத் தன் பையிலிருந்து வாடகை கொடுத்தாரா என்ன?

இப்போது அரசாங்கம் நிதியுதவி தருகிறதே என்று கேட்பீர்கள். தருகிறது. மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் குரு – சிஷ்ய பரம்பரைத் திட்டத்தில், நாடகம் என்றால் ஒரு குருவுக்கு மாசம் 15,000 ரூபாய், 18 சிஷ்யர்கள் வரைக்கும் வயதுக்குத் தகுந்தபடி 2,000 முதல் 10,000 ரூபாய். விழா நடத்தவும் நாடகம் தயாரிக்கவும் இன்னொரு திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். நல்ல திட்டங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இவை பதிவு செய்த சங்கங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் உரியவை. பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு எந்தச் சங்கத்தில் பதிவு செய்திருக்கிறது?

நமக்கு எவ்வளவு வேண்டும் என்று நானே கணக்குப் போட்டேன்.

பத்து பேருக்கு வேஷ வாடகை – 3,500 ரூபாய்
ஆர்மோனியம், மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு – 3,000 ரூபாய்
மேக்கப், பூ, மற்றவை – 1,000 ரூபாய்
மொத்தம் – 7,500 ரூபாய்

5 லட்சத்தை 7,500ஆல் வகுத்துப் பாருங்கள். 66 பள்ளி நாடகம் போடலாம்! வெளிநாட்டுப் பள்ளிகளில் பிரபலமான இசை நாடகம் போட்டால் உரிமை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நமக்கு அந்தச் செலவும் இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் காலமாகி 60 வருஷம் ஆனால் பதிப்புரிமை முடிந்துவிடும். சுவாமிகள் பாட்டெல்லாம் நம் எல்லோருக்கும் சொந்தம்.

"பசங்க கையில பணம் குடுத்தா வீணாக்கிடுவாங்க" என்று சிலர் சொல்லலாம். சங்கீத நாடக அகாதெமி 1984இல் இளம் நாடகக்காரர்களுக்கு என்றே உதவித் திட்டம் தொடங்கி பத்து வருஷம் நடத்தியது. கிராமியக் கலைகளைக் கற்றுப் புது நாடகம் செய்ய அது பலருக்கு உதவியது. நம்பிக் கொடுத்தால்தானே பொறுப்பு வரும்? "படிக்கிற நேரத்தில் கூத்து எதுக்கு?" என்றும் கேட்கலாம். மனப்பாடச் செய்யுளில் தடுமாறும் பையன்கள் நாடகப் பாட்டை ஒரே வாரத்தில் ஒப்பித்ததை நம் தமிழ் ஆசிரியரே பார்த்திருக்கிறார்.

அதனால் என் யோசனைகள் இவை:

1. இனிமேல் வேஷ வாடகையை நடிக்கிறவர் தரக் கூடாது. முதலில் குரலையும் நடிப்பையும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்போம். பணத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

2. தலைக்கட்டு வரி மாதிரி பொதுவாக ஓர் உண்டியல் வைப்போம். 500 பேர் ஆளுக்கு 15 ரூபாய் போட்டால் 7,500 வந்துவிடும். முடிந்தவர் கூடப் போடலாம். முடியாதவர் போட வேண்டாம். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதவே கூடாது.

3. செலவுக் கணக்கை மட்டும் ஒரு ரூபாய் விடாமல் இதே சுவரில் ஒட்ட வேண்டும்.

4. பக்கத்தில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அங்கே இசை படிக்கும் அண்ணன்கள், அக்காக்கள் நான்கு சனிக்கிழமை வந்து சொல்லிக் கொடுப்பார்களா என்று தலைமை ஆசிரியர் ஐயா ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்.

5. புதுச்சேரி கலை பண்பாட்டுத் துறைக்கு நாம் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்புவோம். லட்சம் வேண்டாம். பள்ளி நாடகத்துக்கு 10,000 ரூபாய், ஒரு பக்க விண்ணப்பம், தலைமை ஆசிரியர் கையெழுத்து, முடிந்ததும் கணக்கு. இவ்வளவு போதும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். சித்திரம் எழுதத் தெரிந்தவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். சுவரைத்தான் நாம் சேர்ந்து கட்ட வேண்டும்.

இந்த வருஷம் எனக்கு வேஷம் வேண்டாம். உண்டியல் கணக்கு எழுதுகிறேன். என் தோழியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அவள் என்னோடு சண்டைக்கு வரலாம். வரட்டும். முதல் நாள் ஒத்திகைக்கும் வந்தால் போதும்.

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, தவளக்குப்பம்