மாநிறத் தோலில் அமிலச் சீரம்

கிளைகாலிக், லாக்டிக், சாலிசிலிக் என்று அமிலங்களின் பெயர் எழுதிய சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள் இப்போது மருந்துக்கடை அலமாரியில் சோப்புக்கும் பவுடருக்கும் பக்கத்திலேயே நிற்கின்றன. பரு வந்துபோன கறைக்காகக் கல்லூரிப் பிள்ளைகள் வாங்குகிறார்கள். கன்னத்தில் மங்கு விழுந்த நடுவயதுப் பெண்களும் வாங்குகிறார்கள். இவற்றில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தோல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகக் கையாண்டு வரும் பொருள்கள்தான். முறையாகப் பூசினால் பலன் உண்டு. ஆனால் அளவு மீறினால் நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு என்ன ஆகும் என்பதை விற்பவர்கள் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

வெளுத்த தோலில் அமிலம் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் பெரும்பாலும் சிவந்து, எரிந்து, சில நாளில் ஆறிவிடும். நம் தோலில் அந்தச் சிவப்பு ஆறுகிறபோதே கருக்கத் தொடங்குகிறது. காரணம் எளிது. நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள் நமக்கு அதிகச் சுறுசுறுப்பானவை. தோல் எதனால் புண்பட்டாலும், அது பருவோ தீக்காயமோ அமிலமோ, அவை தூண்டப்பட்டு மெலனினைக் கூடுதலாக உற்பத்தி செய்துவிடும். மேலடுக்கில் படிந்த கருமை சில மாதங்களில் மங்கும். உள்ளடுக்குக்கு இறங்கிவிட்டால் சாம்பல் கலந்த நிறத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கறையைப் போக்க வாங்கிய புட்டியே புதுக் கறை போட்டுவிடும் என்பது இதனால்தான். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் ஏன் என்று தானாகப் புரியும்.

அமிலம் தோலில் என்ன செய்கிறது? நம் தோலின் ஆக மேலே 15 முதல் 20 அடுக்காக உயிரற்ற செல்கள், கூரையில் வேய்ந்த ஓலைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. அடியில் பிறக்கும் புதுச் செல் மேலே வந்து உதிர இளவயதில் ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் கூடும். செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் புரதப் பிடிப்பை அமிலம் தளர்த்துகிறது. உதிரத் தயாராக இருந்தவை சீக்கிரம் உதிர்கின்றன. தோல் வழவழப்பாகிறது, அடைபட்ட துளைகள் திறக்கின்றன. ஆனால் அந்த அடுக்குகள் வெறும் அழுக்கு அல்ல. உடம்பின் ஈரம் வெளியே போகாமலும், வெளிக்கிருமி உள்ளே வராமலும் காப்பவை அவைதான். நைந்த மேலோலையை எடுக்கலாம். நல்ல ஓலையையும் சேர்த்துப் பிடுங்கினால் வீடு ஒழுகும்.

இந்த வேலையை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் யூஜின் வான் ஸ்காட்டும் ரூயி யூவும். மீன் செதில்போலத் தோல் தடித்து உரியும் நோயாளிகளுக்கு ஆல்ஃபா ஹைட்ராக்ஸி அமிலங்களைப் பூசிப் பார்த்து, 1974-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோய்க்கு மருந்தாக வந்தது பின்னால் அழகுப் பொருளானது.

வகைகளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கரும்பில் இருக்கும் கிளைகாலிக் அமிலத்தின் மூலக்கூறு ஆல்ஃபா ஹைட்ராக்ஸி குடும்பத்திலேயே சிறியது. அதனால் வேகமாக உள்ளே இறங்கும், எரிச்சலும் அதிகம் தரும். தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம் சற்றுப் பெரியது. கசப்பு பாதாமிலிருந்து அறியப்பட்ட மாண்டலிக் அமிலம் இன்னும் பெரியது, மெதுவானது. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். எண்ணெய் வழியும் முகத்துக்கும் கரும்புள்ளிக்கும் பருவுக்கும் அது பொருந்துவது அதனால்தான். குளுக்கோனோலாக்டோன் இவை எல்லாவற்றையும்விடச் சாது. முதல்முறை வாங்குகிறவர் கிளைகாலிக்கில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வறண்ட தோலுக்கு 5 சதவீத லாக்டிக். பருத் தோலுக்கு 2 சதவீதத்துக்கு மேற்படாத சாலிசிலிக், அதுவும் முதலில் கழுவிவிடும் ஃபேஸ்வாஷாக. இது போதும்.

புட்டியின் முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும் சதவீதத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். அது பாதிக் கதை. மீதி, அந்தக் கரைசலின் பிஹெச் அளவில் இருக்கிறது. பிஹெச் குறையக் குறையப் புளிப்பு கூடும், அமிலத்தில் தனித்து நின்று தோலுக்குள் இறங்கக்கூடிய பங்கும் கூடும். கிளைகாலிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிஹெச் 3 ஆக இருந்தால் உள்ளே இருப்பதில் ஏறத்தாழ 87 சதவீதம் வேலை செய்யும் நிலையில் இருக்கும். பிஹெச் 5 என்றால் 6 சதவீதம்தான். இரண்டு புட்டியிலும் ‘10 சதவீதம்’ என்றே அச்சிட்டிருப்பார்கள். ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு கடுமையாக இருக்கும். அமெரிக்காவின் அழகுப் பொருள் மூலப்பொருள் ஆய்வுக் குழு 1998-ல் இவ்விரண்டையும் சேர்த்தே வரம்பு சொன்னது: வீட்டில் பயன்படுத்தும் ஆல்ஃபா ஹைட்ராக்ஸி அமிலம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிஹெச் 3.5-க்குக் கீழே போகக் கூடாது. பயிற்சி பெற்றவர்கள் பூசி உடனே கழுவுவதற்கு மட்டும் 30 சதவீதம், பிஹெச் 3 வரை. பிஹெச் அளவைச் சொல்லாத புட்டியைவிடச் சொல்லும் புட்டியை நம்பி வாங்கலாம்.

சாலிசிலிக் அமிலத்தின் கதை இதைவிடத் தெளிவாகப் புரியும். முகத்துக்கான சீரத்தில் அது 2 சதவீதம். மருவுக்குத் தொட்டுவைக்கும் மருந்தில் 17 சதவீத அளவில் இருக்கும். காலாணிக்கு ஒட்டும் பட்டையில் 40 சதவீதம். அது தோலைக் கரைத்து எடுப்பதற்கென்றே செய்தது. பெயர் ஒன்றுதான் என்று மருவு மருந்தை முகத்துப் பருவில் வைத்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

எப்படித் தொடங்குவது? காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் சிறிது பூசி இரண்டு மூன்று இரவு பாருங்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால் முகத்துக்கு வரலாம். இரவில், மென்மையான சோப்பால் கழுவி, ஈரம் முழுக்க உலர்ந்த பிறகு மெல்லிசாகப் பூச வேண்டும். ஈரத் தோலில் அமிலம் வேகமாக இறங்கும். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டோரம் ஆகிய இடங்களில் தோல் மெலிந்திருப்பதால் அவற்றை விட்டுவிட வேண்டும். மேலே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். முதல் மாதம் வாரத்துக்கு ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு. தோல் ஏற்றுக்கொண்டால் மூன்று இரவுகள். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. கறை மங்குவது தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். பத்தே நாளில் பலன் இல்லை என்று தினமும் பூசத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள்.

பூசியதும் ஓரிரு நிமிடம் லேசாகக் குறுகுறுப்பது இயல்பு. ‘எரிந்தால்தான் வேலை செய்கிறது’ என்ற நம்பிக்கை தவறு. எரிச்சல் நீடித்தால் கழுவிவிட வேண்டும். வெறும் தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறது, தோல் இழுத்துப் பிடித்ததுபோல் ஒரு செயற்கை மினுமினுப்போடு தெரிகிறது என்றால் காப்பு அடுக்கு சிதைந்துவிட்டது என்று பொருள். அந்த மினுமினுப்பைப் பொலிவு என்று எண்ணி மேலும் பூசக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீரத்தை வாரம் இருமுறைதான் பூசுகிறேன் என்பவரின் ஃபேஸ்வாஷில் சாலிசிலிக் இருக்கும், டோனரில் கிளைகாலிக் இருக்கும், இரவு கிரீமில் ரெட்டினால் இருக்கும். தனித்தனியே பார்த்தால் எல்லாமே மிதம், சேர்ந்தால் மிகை. வீட்டிலுள்ள எல்லாப் புட்டியின் பின்பக்கத்தையும் ஒருமுறை படித்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரெட்டினாலோ பருவுக்கான பென்சாயில் பெராக்சைடோ பூசும் இரவில் அமிலம் வேண்டாம். அமிலம் பூசும் வாரத்தில் வால்நட் ஸ்க்ரப், பீர்க்கங்காய் நார் எதையும் முகத்தில் தேய்க்க வேண்டாம். புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் த்ரெட்டிங், வாக்சிங், பிளீச் செய்துகொள்ளும் நாளுக்கு முன்னும் பின்னும் சில நாள் அமிலத்தை நிறுத்திவிட வேண்டும். மேலுதட்டில் மீசைபோலப் படியும் கருமைக்கு இந்தக் கூட்டு ஒரு காரணம். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிதாக ஆரம்பிக்கவும் கூடாது.

வெயில்தான் இந்த விஷயத்தின் பெரிய பகுதி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நடத்திய ஆய்வில், 10 சதவீதக் கிளைகாலிக் அமிலத்தை பிஹெச் 3.5 அளவில் நான்கு வாரம் பூசியவர்களின் தோல், புற ஊதாக் கதிரில் சிவக்கும் தன்மை 18 சதவீதம் கூடியது. செல் சேதம் சராசரியாக இரண்டு மடங்கானது. பூசுவதை நிறுத்தி ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதனால் 2005 முதல், பயன்படுத்தும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு வாரத்துக்கும் வெயிலைத் தவிர்க்கச் சொல்லும் எச்சரிக்கையைப் புட்டியில் அச்சிடுமாறு அந்நாட்டு நிறுவனங்களுக்கு அந்த நிர்வாகம் வழிகாட்டியது. சென்னையின் கோடை மதியத்தில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டிவிடுகிறது. இந்த வெயிலில் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை தெரியும்படி தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நம் புட்டிகளில் அது பொடி ஆங்கிலத்தில், பின்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. விற்பவர்கள் இதை மாற்றியே ஆக வேண்டும்.

எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீனை முகத்துக்கும் கழுத்துக்குமாக இரு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருமையைத் தூண்டும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமேற்றிய சன்ஸ்க்ரீன் அவர்களுக்கு நல்லது. நாள் முழுதும் வெயிலில் வேலை, சன்ஸ்க்ரீன் மறுபடி பூச வழியில்லை என்பவர்களுக்கு நான் அமிலமே வேண்டாம் என்பேன். திருவிழா, கடற்கரைப் பயணம் இருந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடலாம்.

இதெல்லாம் எதற்கு, எலுமிச்சம்பழம் தேய்த்தால் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2-ஐ ஒட்டியது. எந்தக் கடைச் சீரத்தையும்விடக் கடுமை. அதோடு, எலுமிச்சை வகைகளில் உள்ள சோரலென் என்ற பொருள் வெயில் பட்டதும் தோலைக் கொப்புளிக்க வைத்து, பழுப்புத் திட்டை விட்டுச்செல்லும். தயிரும் கடலைமாவும் பூசுவதில் பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை.

அமிலம் பிறவி நிறத்தை மாற்றாது, மாற்றவும் தேவையில்லை. சிவப்பழகு என்ற ஆசையில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் எத்தனையோ முகங்களைக் கெடுத்திருக்கின்றன. 2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட கிரீமைப் பல மாதம் பூசித் தோல் மெலிந்து, வெயிலில் போனாலே முகம் சிவக்கிறவர்கள் அமிலப் புட்டியைத் தொடவே கூடாது. அந்த கிரீமைத் திடீரென்று நிறுத்தினாலும் முகம் கொதித்தெழும். மருத்துவர் துணையோடுதான் விட வேண்டும். கரப்பான், திறந்த புண், உதட்டில் அக்கி உள்ளவர்களும், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

‘பீல்’ என்ற பெயரில் ஆன்லைனில் கிடைக்கும் கடும் அமிலங்கள், குறிப்பாக டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம், வீட்டுக்கு உரியவையே அல்ல. மருத்துவர் பூசும்போது நிமிடத்தை எண்ணி, தோலின் நிறமாற்றத்தைப் பார்த்து நிறுத்துகிறார். கண்ணாடி முன் தனியாக நிற்பவருக்கு அது முடியாது. தீக்காயம், தழும்பு, நிறமாற்றம் வரக்கூடும் என்பதால், மருத்துவர் மேற்பார்வையில்லாமல் இவற்றை வாங்க வேண்டாம் என்று 2024 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மக்களை எச்சரித்தது.

சுட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். அமிலத்தை முறிக்கிறேன் என்று சமையல் சோடா போடாதீர்கள், பற்பசையும் வேண்டாம். எல்லாச் சீரத்தையும் நிறுத்திவிட்டு, பெட்ரோலியம் ஜெல்லியோ வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ மட்டும் பூசுங்கள். உரியும் தோலைக் கையால் பிய்க்கக் கூடாது, வெயில் படவும் கூடாது. கொப்புளம், நீர்க்கசிவு, கண்ணருகே எரிச்சல், அல்லது சிவந்த இடம் கருக்கத் தொடங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே தோல் மருத்துவரிடம் போங்கள். அழற்சியை எவ்வளவு சீக்கிரம் தணிக்கிறோமோ அவ்வளவுக்குக் கறை குறையும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, புறநோயாளியாகவே காட்டலாம். போகும்போது பூசிய புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை இரவு பூசினீர்கள் என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.