பயிற்சியா, கூலியில்லா வேலையா?

தாராவியிலும் மாதுங்கா லேபர் கேம்பிலும் பள்ளிப் படிப்பை முடித்த நம் பெண்மக்கள் பலர், மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கு மனுப் போடுகிறார்கள். வரவேற்கிறோம். நோயாளியைக் குளிப்பாட்டுவதும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் இழிவான வேலையல்ல. கற்றுச் செய்ய வேண்டிய தொழில்.

ஆனால், பெற்றோர்களே, பணம் கட்டுமுன் கேளுங்கள். இது நர்ஸ் படிப்பா? அல்ல. ஏ.என்.எம். 2 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு. அவற்றைப் படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றால்தான் நர்ஸ் வேலை. சில மாதப் பயிற்சியில் கிடைப்பது உதவியாளர் சான்றிதழ் மட்டுமே. "நர்ஸ் ஆகலாம்" என்று ஆசை காட்டுகிறவன் ஏமாற்றுகிறான்.

கட்டணம்தான் எதற்கு? 2015இல் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனாவில் இதே பயிற்சியைக் கட்டணமின்றித் தந்தார்கள். முதலில் அதை விசாரியுங்கள். ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேரும் பையனுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவித்தொகை உண்டு. இரவெல்லாம் கண்விழித்து பெட்பேன் எடுக்கும் பெண் மட்டும் பணம் கட்டி வேலை செய்ய வேண்டுமா? இது என்ன நியாயம்?

அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்; நகல் போதும். கட்டும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். பயிற்சி எத்தனை மாதம், படி எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். நோயாளியைத் தொடுமுன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடச் சொல்லுங்கள்.

தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள். மனுவோடு சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்தே போய்க் கேட்போம்!